நல்ல உடம்போடு போனவர் நோயோடு திரும்பினால், நிரூபிக்க வேண்டியது யார்?

முன்னாள் ராணுவத்தினரின் டிசபிலிட்டி பென்ஷன்: வேலூர், ஆம்பூர் வட்டாரக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. அந்தப் பழக்கம் இன்றும் விட்டுப்போகவில்லை. கணியம்பாடி பக்கமுள்ள கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே இன்னொரு பெயர். அங்கே வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பார், அல்லது இருந்திருப்பார். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய விவசாயக் குடும்பத்தைப் பார்க்கலாம்.

மணிக்கூண்டுக் கல்லில் போனவர் கணக்கு இருக்கிறது, இறந்தவர் கணக்கு இருக்கிறது. உயிரோடு திரும்பி, தீராத நோயோடு வாழ்ந்தவர்களின் கணக்கு இல்லை. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதம்

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. மூத்த பிள்ளை 19 வயதில் பட்டாளத்தில் சேர்கிறார். சேரும்போது ஓட்டம், கண், காது, நெஞ்சு, ரத்தம் எல்லாம் சோதித்து ‘முழுத் தகுதி’ என்று எழுதுகிறார்கள். ராஜஸ்தான் வெயில், காஷ்மீர் பனி, வடகிழக்குக் காடு என்று 17 வருடம் ஓடுகிறது. பதினைந்தாவது வருடத்தில் ரத்த அழுத்தம் இருப்பது தெரிகிறது. பென்ஷனில் வரும்போது கடைசி மருத்துவக் குழு 30 சதவிகிதம் ஊனம் என்று குறிக்கிறது. ஆனால், அதே தாளில் இன்னொரு கட்டத்தில், ‘இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்று எழுதிவிடுகிறது.

பட்டாளத்து வழக்கில் இதற்கு ‘என்.ஏ.என்.ஏ.’ என்று பெயர். இந்த நான்கு எழுத்து விழுந்தால் சாதாரண பென்ஷன் மட்டும்தான். நோய்க்கான கூடுதல் தொகை கிடையாது.

ஊருக்கு வந்தவர் அந்தத் தாளைக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் பட்டாவோடு சேர்த்து வைத்துவிடுகிறார். ஷூ கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலை, காலையில் மாட்டுக்குத் தீவனம், ராத்திரியில் மாத்திரை. ‘டாக்டருங்களே எழுதிட்டாங்க, இனி என்ன கேக்கறது?’ என்று இருந்துவிடுகிறார். இப்படி இருந்துவிட்டவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ஆனால், அந்த நான்கு எழுத்து கடைசித் தீர்ப்பு அல்ல.

கிணற்றுத் தண்ணீர் சொல்லிக் கொடுத்த பாடம்

பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கி, கிணறு உப்பாகி, தென்னை காய்ந்தபோது முதலில் எழுந்த கேள்வியே, ‘உன் கிணறு என் ஆலையால்தான் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்பதுதான். கிணற்றுக்காரரிடம் ஆய்வுக்கூடம் இல்லை, பணமும் இல்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும், தன் செயலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் ஆலைக்காரருடையதுதான் என்றது. இழப்பீடு கைக்கு வருவது வேறு கதை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம், மிச்சமுள்ள இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனாலும், நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

படைவீரரின் உடம்பு விஷயத்திலும் அதே நியாயம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறையின் 173-வது பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது. ஒன்று, நோய் அல்லது ஊனம் ராணுவப் பணியால் வந்ததாகவோ, பணியால் கூடியதாகவோ இருக்க வேண்டும். இரண்டு, அது 20 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

‘பணியால் வந்ததா?’ என்பதை எப்படி முடிவு செய்வது? அதற்கு 1982-ம் ஆண்டுத் தகுதி விதிகள் இருக்கின்றன. அதில் மூன்று விதிகளை ஒவ்வொரு முன்னாள் வீரரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

விதி 5: சேரும்போது மருத்துவப் பதிவில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பினால், உடல்நலம் கெட்டது பணியால்தான் என்று கொள்ள வேண்டும்.

விதி 9: பணியால்தான் நோய் வந்தது என்று நிரூபிக்கும்படி வீரரைக் கேட்கக் கூடாது. நியாயமான சந்தேகம் எழுந்தால், அதன் பலன் வீரருக்கே.

விதி 14: சேரும்போது பதிவாகாத நோய், பணிக் காலத்தில் வந்ததாகவே பொதுவாகக் கருதப்படும். ‘சேரும்போது சோதனையில் கண்டுபிடிக்க முடியாத நோய் இது’ என்று மருத்துவக் குழு சொன்னால், அதற்குக் காரணத்தை எழுத வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ‘பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போக மருத்துவக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஏன் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டும்.

தரம்வீர் சிங் வழக்கு

இந்த விதிகள் வெகுநாள் காகிதத்தில்தான் இருந்தன. அவற்றுக்கு உயிர் கொடுத்தது 2013 ஜூலை 2 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

தரம்வீர் சிங் 1985-ல் சிக்னல் படைப் பிரிவில் சேர்ந்தவர். சேரும்போது நோய் எதுவும் இல்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு, 1994-ல் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஊனம் 20 சதவிகிதம். ‘உடல்வாகால் வந்த நோய், பணிக்குச் சம்பந்தமில்லை’ என்று மருத்துவக் குழு எழுதியது. டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டது. இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் ஜெயித்து, இரு நீதிபதிகள் அமர்வில் தோற்று, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது நோய்க் குறிப்பு இல்லை, மருத்துவக் குழு காரணமும் எழுதவில்லை, ஆகவே நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. வேலையை விட்டுப் போன 19 வருடத்துக்குப் பிறகு கிடைத்த நியாயம் அது.

அதன்பின் 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில், நோயைக் காரணம் காட்டி இடையில் வெளியே அனுப்பினால், ஊனம் 20 சதவிகிதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2025 ஏப்ரலில் பிஜேந்தர் சிங் வழக்கிலும் இதே வழிதான். சியாச்சின் பனிமலையில் பணியாற்றி, வலிப்பு நோயால் 1989-ல் அனுப்பப்பட்டவர் அவர். 36 வருடம் கழித்து உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 சதவிகித அடிப்படையில் பென்ஷன் கொடுக்கச் சொன்னது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி? ‘இவை வாழ்க்கைமுறை நோய்கள், நோய் தெரியவந்தபோது அமைதியான இடத்தில்தான் இருந்தார்’ என்பது மருத்துவக் குழுக்கள் வழக்கமாக எழுதும் காரணம். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று பெயர் சூட்டினால் மட்டும் போதாது, இவருக்கு ஏன் அப்படி வந்தது என்று மருத்துவக் குழு விளக்க வேண்டும் என்றது.

எவ்வளவு கிடைக்கும்?

டிசபிலிட்டி பென்ஷனில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று பணிக்கானது, மற்றது ஊனத்துக்கானது. ஊனம் 100 சதவிகிதம் என்றால், கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம் ஊனப் பகுதியாகக் கிடைக்கும். ஊனம் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும்.

இதில் ‘ரவுண்டிங் ஆஃப்’ என்ற சலுகை இருக்கிறது. 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், 76-க்கு மேல் உள்ளதை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே என்றிருந்த இந்தச் சலுகை, முழுக் காலமும் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசிச் சம்பளம் ரூ.40,000. அதில் 30 சதவிகிதம் ரூ.12,000. ஊனம் 30 சதவிகிதம் என்றால் மாதம் ரூ.3,600. அதையே 50 ஆக உயர்த்தினால் ரூ.6,000. இதன்மேல் அகவிலைப்படியும் சேரும். கறவை மாடு ஒன்றை வைத்துக் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை.

எல்லா வழக்கும் ஜெயிப்பதில்லை

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-ல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோயைச் சேரும்போது செய்யும் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது என்ற மருத்துவக் குழுவின் கருத்தை ஏற்று, உச்ச நீதிமன்றம் பென்ஷனை மறுத்தது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், முழுக் காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு ஊனம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் ஊனப் பகுதி கிடையாது என்றது. குடி, புகையிலை, உடல் எடை, பரம்பரை நோய் என்று மருத்துவக் குழு தெளிவாகக் காரணம் எழுதியிருந்தால், அதை உடைப்பது கடினம். லீவில் வந்தபோது நடந்த விபத்துக்கும், பணிக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய தகுதி விதிகள் வந்துவிட்டன. அன்றைக்குப் பிறகு வெளியே வந்தவர்கள் அவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வந்தவர்களுக்குப் பழைய விதிகளே.

களைக்கொல்லி தெரியும், அதன் பின்கதை தெரியுமா?

இந்தப் போராட்டம் நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. நெல் வயலில் 2,4-டி என்ற களைக்கொல்லியை நம் விவசாயிகள் அறிவார்கள். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் காட்டை அழிக்கத் தெளித்த ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ என்பது அந்த 2,4-டியோடு 2,4,5-டி என்ற இன்னொன்றைச் சேர்த்த கலவைதான். இரண்டாவதைத் தயாரிக்கும்போது டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் கூடவே உருவாகிக் கலந்துவிட்டது. வியட்நாம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டார்கள். தெளித்த பக்கத்து வீரர்களுக்கும் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வந்தது.

‘எந்த நாளில், எந்த இடத்தில் மருந்து உன்மேல் பட்டது?’ என்று கேட்டால் எந்த வீரரால் சொல்ல முடியும்? அதனால் 1991-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வியட்நாமில் இருந்தவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால், பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். 2022 ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டம், இராக், ஆப்கானிஸ்தானில் குப்பைக் குழிகளை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும் இதை நீட்டித்தது. அங்கே நோய்ப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். இங்கே பட்டியல் இல்லாமலே சந்தேகத்தின் பலன் வீரருக்கு என்று விதி இருக்கிறது. விதியைக் கேட்டு வாங்கத்தான் ஆள் வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

1. பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, கடைசி மருத்துவக் குழுவின் அறிக்கை (ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம்) மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. மருத்துவ அறிக்கை இல்லையென்றால் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக். பதில் வராவிட்டால், 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

3. அறிக்கையில் மூன்று இடத்தைப் படியுங்கள். சேரும்போது நோய் குறிக்கப்பட்டதா? ஊனம் எத்தனை சதவிகிதம்? ‘சம்பந்தமில்லை’ என்பதற்குக் காரணம் எழுதியிருக்கிறதா?

4. மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு. இரண்டையும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவே அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

5. அதன் பிறகும் மறுத்தால், சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் இது. கடைசி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் ஏற்பார்கள்.

6. மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். படைவீரர் குடும்பங்களுக்காகவே 2025 ஜூலையில் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்ற சட்ட உதவித் திட்டமும் தொடங்கப்பட்டிருக்கிறது.

‘பத்தாயிரம் கொடுங்கள், பென்ஷன் வாங்கித் தருகிறேன்’ என்று வருபவர்களிடம் அசல் ஆவணங்களைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் போதும்.

வாசகர் கேள்விகள்

*‘2004-ல் வெளியே வந்தேன். 20 வருடம் ஆகிவிட்டது. இனி கேட்க முடியுமா?’*

முடியும். பென்ஷன் மறுப்பு ஒவ்வொரு மாதமும் தொடரும் இழப்பு. 2008-ல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒப்புக்கொண்டது. ஆனால், பழைய பாக்கி பொதுவாக, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கையை விட்டுப் போகிற பணம்.

*‘பட்டாளத்தில் இருந்தவரை சர்க்கரை இல்லை. வந்து 12 வருடத்துக்குப் பிறகுதான் வந்தது. டிசபிலிட்டி பென்ஷன் உண்டா?’*

கிடைப்பது அரிது. நோய் பணிக் காலத்திலேயே தொடங்கியது என்று மருத்துவ ஆதாரம் வேண்டும். சிகிச்சையை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் பெறலாம். உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

*‘கணவர் வலிப்பு நோயால் அனுப்பப்பட்டவர். பென்ஷன் கேட்காமலே இறந்துவிட்டார். நான் கேட்கலாமா?’*

கேட்டுப் பாருங்கள். அவர் உயிரோடு இருந்த காலத்துக்குச் சேர வேண்டிய தொகைக்கு வாரிசு மனு போடலாம். அவர் இறந்ததற்குக் காரணமும் பணியால் வந்த அதே நோய்தான் என்றால், சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் பற்றியும் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இறப்புச் சான்றில் காரணம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது முக்கியம்.

*‘மகன் அக்னிவீரராகச் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு இது பொருந்துமா?’*

அவர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. பணியால் வந்த ஊனம் 100, 75, 50 சதவிகிதம் என்றால், முறையே ரூ.44 லட்சம், ரூ.25 லட்சம், ரூ.15 லட்சம் கருணைத் தொகை ஒரே தடவையாகக் கிடைக்கும். அங்கேயும் ‘பணியால் வந்தது’ என்ற அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். உடம்புக்கு எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். ‘சின்ன வலிதானே’ என்று விட்டுவிட்டால், பின்னால் அதற்குச் சாட்சி இருக்காது.

நிலத்துக்குப் பட்டா எப்படியோ, உடம்புக்கு அந்த மருத்துவத் தாள் அப்படி. இந்த வாரம் ஒருநாள் வேலை முடிந்த பிறகு டிரங்குப் பெட்டியை இறக்கி, விளக்கு வெளிச்சத்தில் வீட்டில் படித்த பிள்ளையை உட்கார வைத்து, அந்தத் தாளை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.